காலியாகத்தான் இருந்தது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டும். அக்காவுக்கு வர வேண்டிய கோபத்தையும் சேர்த்து இத்தனை வருஷமாக நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் பொறுமை எங்கிருந்து வரும்?

என் அக்கா எம்பிராய்டரி பேட்ஜுக்கு டிசைன் போடுகிறவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைப் பையிலும் செக்யூரிட்டிக்காரரின் தோளிலும் நூலால் ஒரு சின்னம் இருக்கிறதே, அதை மெஷின் தானாகத் தைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மெஷினுக்கு ஒன்றும் தெரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும், எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம், துணி சுருங்காமல் இருக்க அடியில் எத்தனை தையல் என்று ஒவ்வொன்றையும் யாராவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். அந்த யாராவதுதான் என் அக்கா. உள்ளங்கை அகலப் பேட்ஜ் ஒன்றுக்கு ஒன்பதாயிரம் தையல் ஆகும். ஒன்பதாயிரத்தையும் அவள் ஒரு தடவை மனதுக்குள் தைத்துவிட்டுத்தான் மெஷினுக்குச் சொல்வாள்.

பதினெட்டு வயதில் ஆயத்த ஆடை ஃபாக்டரியில் சேர்ந்தவள். ஃபாக்டரியை மூடியபோது கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் வேலை தேடிப் போனார்கள். இவள் அங்கிருந்த பழைய எம்பிராய்டரி மெஷின் ஒன்றை வாங்கி மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவந்து, எங்கள் பின்னறையில் வைத்துவிட்டாள். டிசைன் போடும் சாஃப்ட்வேரை யாரும் சொல்லித்தரவில்லை. தப்பாகப் போட்டு, துணி கிழிந்து, ஊசி ஒடிந்து, தானாகத்தான் கற்றுக்கொண்டாள். பதினோரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் அடுக்குமாடியில் அவளைப் பற்றிக் கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கா, ஏதோ தைக்கிறா" என்பார்கள்.

அவளோடு பஸ்ஸில் போனால் மானம் போகும். எதிரில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள். மார்பையே பார்ப்பாள். "ஏழாயிரம் இருக்கும். அடித்தையல சிக்கனமா போட்டிருக்கான், ரெண்டு வாஷ்ல பிரிஞ்சிடும்" என்று என் காதில் சொல்வாள். புது டிசைனை மெஷினில் தைத்துப் பார்த்ததும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். முன்பக்கம் எப்படி வேண்டுமானாலும் பல்லைக் காட்டும், வேலை பின்பக்கத்தில்தான் தெரியும் என்பாள். அவள் அதிகம் பேசிக் கேட்டது இந்த விஷயம் ஒன்றில்தான்.

இப்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா டயர் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கை ஆள் வைத்து நாலு சம பாகமாகப் பிரிக்கச் சொன்னார். சி டிரைவ் கம்ப்யூட்டருக்கு, டி அவருக்கு, ஈ அக்காவுக்கு, எஃப் அண்ணனுக்கு. வெள்ளைக் காகிதத்தில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, பசை தடவி, சி.பி.யூ. பெட்டியின் நெற்றியில் ஒட்டினார். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. காகிதம் இன்னும் இருக்கிறது.

கடைக்குட்டியான எனக்கு எழுத்து கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது. அம்மா கேட்கவில்லை. நான் கேட்டேன். "நீ அக்காவோடதுல ஒரு ஓரமா வெச்சுக்கோ" என்றார் அப்பா. அக்காவும் வைத்துக்கொள் என்றாள். அந்த எழுத்துக்கள் எங்கள் வீட்டில் ஆட்களின் பெயர் மாதிரி ஆகிவிட்டன. "உன்னோட ஈ-ல என் சர்டிஃபிகேட் இருக்கா பாரு" என்று அம்மா கேட்பாள். டிரைவுக்குத் தனியாகப் பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெயர்தான் பெட்டி மேலேயே ஒட்டியிருக்கிறதே.

அண்ணனுக்கு வருகிறேன். அக்காவுக்கு அடுத்தவன், எனக்கு மூத்தவன். வீட்டில் அவனுக்கு இன்ஜினியர் என்று பெயர். என்றோ ஒருநாள் ஃபியூஸ் போட்டு விளக்கை எரியவைத்ததில் கிடைத்த பட்டம், படித்து வாங்கியதில்லை. வேலை பார்ப்பது ஒரு பஸ் கம்பெனி டிப்போவில், மேற்பார்வையாளராக. காலையில் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் வரிசையில் நிறுத்தி ஷூ, சட்டை, மார்பில் பேட்ஜ் எல்லாம் ஒழுங்கா என்று பார்ப்பான். பேட்ஜ் இல்லாமல் வந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவான். "இன்னைக்கு ரெண்டு பேரை அனுப்பிட்டேன்" என்று சாப்பிடும்போது சொல்வான், ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டு வந்தவன் மாதிரி.

அந்தப் பேட்ஜ் அக்கா போட்டது. கம்பெனிக்காரர்கள் யூனிஃபார்ம் கடைக்குச் சொல்ல, கடைக்காரர் அக்காவிடம் கொடுத்தார். சிறகு முளைத்த சக்கரம். அவர்கள் வரைந்து அனுப்பிய படத்தில் சக்கரத்துக்குப் பன்னிரண்டு கம்பி. பன்னிரண்டும் நடுவில் வந்து சேரும்போது நூல் குவிந்து ஊசி ஒடிந்தது. அக்கா நாலு நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு ஒரு கம்பியை எடுத்துவிட்டாள். பதினொன்றை யாருக்கும் தெரியாதபடி இடைவெளி விட்டு நிரவினாள். இன்றுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அது முடிந்த அன்று அண்ணனிடம் சொன்னாள்: "உங்க கம்பெனி பேட்ஜ் நான்தான் போட்டேன்." அவன் போனில் மேட்ச் பார்த்துக்கொண்டே "அப்படியா" என்றான். அந்த "அப்படியா" காதில் வாங்காத அப்படியா. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

கம்ப்யூட்டர் கிழடு தட்டிப்போய், பட்டனை அழுத்தினால் திரையில் ஏதாவது வர கால் மணி நேரம் பிடித்தது. அக்கா தன் சம்பாத்தியத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கினாள். வேகமான புது டிஸ்க், சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு வரும் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரைக் கூப்பிடுகிறேன் என்றேன் நான். அண்ணன் விடவில்லை.

"இதுக்கெல்லாம் ஆளா? நாலு ஸ்க்ரூ. நானே போட்டுத் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தான். மாட்டினான். கம்ப்யூட்டர் புது டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றான். மதர்போர்டு பழசு, தாங்காது என்றான். இரண்டு மணி நேரம் கழித்து நான் போய்க் குனிந்து பார்த்தேன். டேட்டா கேபிளை மாட்டியிருந்தான், கரண்ட் வரும் கேபிளை மாட்டவே இல்லை. சொன்னதும், "அதான் கடைசியா மாட்டலாம்னு வெச்சிருந்தேன்" என்றான் வாய் கூசாமல். அன்றைக்கே அவன் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. அக்கா சும்மா இருந்தாள், அதனால் நானும் சும்மா இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு வார விடுமுறை. புது டிஸ்க்கில் கம்ப்யூட்டரை ஓட்டும் ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போடுகிறேன் என்று உட்கார்ந்தான். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போடு என்று போகும்போதே சொன்னேன். "கழட்டி மாட்டற வேலை எதுக்கு" என்றான். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அக்கா நூல் நிறங்களைப் பார்க்க யூனிஃபார்ம் கடைக்குப் போயிருந்தாள். பஸ் கம்பெனியிலிருந்து அறுநூறு பேட்ஜ் புது ஆர்டர் வந்திருந்தது, வெள்ளிக்கிழமை தர வேண்டும். டிசைன்தான் தயாராக இருக்கிறதே, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் மெஷின் ஓட்டினால் போதும் என்று நிம்மதியாகத்தான் போனாள்.

பதினொன்றரை மணிக்கு அண்ணன் போன் செய்தான். நான் ஒரு பாடப்புத்தகத்தின் கடைசி ஃபாரத்தை, அதாவது கடைசிப் பதினாறு பக்கத்தை, திரையில் வைத்துப் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அச்சடிக்கிறவர் பின்னால் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"எஃப் என்னுதுதானே?"

"ஆமா. எஃப் உன்னுதுதான். இது ஒரு கேள்வின்னு போன் பண்றியா?"

வைத்துவிட்டேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. புது ஓ.எஸ்.ஸுக்கு எங்கள் அப்பாவின் காகிதத்தைப் பற்றி என்ன தெரியும்? அது தன் பாட்டுக்கு எழுத்துக்களை முதலிலிருந்து பங்கிட்டுவிட்டது. புது டிஸ்க் சி ஆகிவிட்டது. அதனால் பழைய சி போய் டி ஆனது. அப்பாவின் டி, ஈ ஆனது. அக்காவின் ஈ, எஃப் ஆனது. அண்ணனின் எஃப், ஜி ஆனது. எல்லோரும் ஒரு வீடு தள்ளிக் குடிபோய்விட்டார்கள். நாலும் ஒரே அளவு, நாலுக்கும் தனிப்பெயர் இல்லை. ஜி என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறதே, அது ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அவன் யோசிக்கவில்லை. அப்படியொரு கேள்வி கேட்கிறானே, அது ஏன் என்று நானும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டிருந்தாலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும், எஃப் அண்ணனுடையது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள், இன்னும் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஏதோ காப்பி ஆகிக்கொண்டிருந்தது.

"ஈ-ல அப்பாவோட டயர் லிஸ்ட்தான் இருக்கு" என்றாள் அக்கா. "என்னோடது எங்கடி போச்சு?"

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. ஜி-யைத் திறந்தேன். அண்ணனின் பழைய பாட்டுக்கள், போட்டோக்கள். அப்படியானால் எஃப்? "எஃப்ல என்ன பண்ணினே?" என்றேன்.

"ஃபார்மட் பண்ணினேன். படமெல்லாம் போன வாரமே வெளி டிஸ்க்குக்கு மாத்திட்டேன்ல. சுத்தமா துடைச்சிட்டு இப்ப திரும்பப் போட்டுட்டிருக்கேன். இருபது படம் ஏறிடுச்சு."

நான் போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

"பைத்தியமா உனக்கு? ஏறிட்டிருந்த படம் கெட்டுப்போயிடும்டி" என்று கத்தினான் அவன்.

படம் கெட்டுப்போய்விடுமாம். ஃபார்மட் செய்ததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதில் ஃபைல்களின் பட்டியல்தான் அழியும், ஃபைல்கள் இருந்த இடத்திலேயே கிடக்கும், தோண்டி எடுத்துவிடலாம். அதன்மேல் வேறு எதையாவது எழுதினால்தான் நிஜமாகவே போகும். இவன் இரண்டு மணி நேரமாக அக்காவின் பதினோரு வருஷத்தின் மேல் சண்டைப் படங்களை எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். அதையும் டீ குடித்துக்கொண்டு.

"திறந்து பார்த்தியா? அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பார்த்தியா?"

"எதுக்குத் திறக்கணும்? எவ்வளவு இடம் இருக்குன்னுதான் காட்டுதே. காலியாத்தான் இருந்தது."

காலியாகத்தான் இருந்தது. அக்கா போட்டது ஆயிரத்து நூற்று நாற்பது டிசைன். அத்தனையும் சேர்த்தாலும் அவனுடைய ஒரு சினிமாவில் பாட்டு வரும் இடத்தின் அளவுகூட வராது. தையல் அவ்வளவு சின்ன இடத்தில் அடங்கிவிடும். பெரிய கோடாகக் காட்டினால்தான் இவன் கண்ணுக்கு ஏதாவது இருப்பதாகத் தெரியும். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவனும் சும்மா இருக்கவில்லை. "உன்னைக் கேட்டுத்தான் பண்ணினேன். எஃப் உன்னுதுதான்னு நீதானே சொன்னே?" என்றான்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கைப்பையை இறக்கித் தரையில் வைத்தாள்.

சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவன் வேணும்னா பண்ணினான்? நல்லது பண்ணப்போய் இப்படி ஆயிடுச்சு" என்றாள். அண்ணன் எதை உடைத்தாலும் அம்மா இப்படித்தான் முட்டுக்கொடுப்பாள். அக்காவுக்கு யாரும் முட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன். "அந்த டிஸ்க்ல இனி ஒரு எழுத்து எழுதக் கூடாது. கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. மீட்கற ஃபைலையும் வேற டிஸ்க்லதான் போடணும். என்ன வருதோ அதுதான்" என்றார். பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். அக்கா அதைத் துண்டில் சுற்றி என் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். டிசைனை எடுத்துப்போகும் பென் டிரைவில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்தப் பழைய மெஷினுக்கு ஒரு சமயத்தில் நாலைந்து ஃபைலுக்கு மேல் காட்டினால் மிரண்டு நின்றுவிடும். அதனால் வேலை முடிந்ததும் பென் டிரைவைத் துடைத்துவிடுவாள். வெளியில் ஒரு பிரதி எடுத்துவைக்க வேண்டும் என்று நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிஸ்க் நானே வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். சொன்னதோடு சரி. இதில் என் பங்கும் கொஞ்சநஞ்சமில்லை.

புதன்கிழமை முழுக்க அச்சகத்தில், மூலையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டி, மீட்டெடுக்கும் புரோகிராமை ஓட்டினேன். ஆறு மணி நேரம் ஓடியது. நடுநடுவே வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். முதலில் வந்ததெல்லாம் அண்ணனின் சினிமாதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொதித்தது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தையல் ஃபைல்கள் வர ஆரம்பித்தன. மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு. எதற்கும் பெயர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். திறந்த வேகத்தில் சொல்லிக்கொண்டே போனாள். "இது குழந்தைங்க ஆஸ்பத்திரி. இது பேக்கரி, பழசு. இது அந்த நீச்சல் கிளப், பாதியில வேண்டாம்னு சொன்னாங்களே. இது உன் ஸ்கூல்." என் பள்ளிக்கூடத்துப் பேட்ஜ் அவள் முதன்முதலில் போட்டது. என் சட்டையில் ஒருநாள் பிரிந்துவிட்டது என்று தானாகவே போட்டுத் தைத்தாள். கோணலாக இருந்தது என்று நான் அன்றைக்குச் சண்டை போட்டேன். இப்போது திரையில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அவள் அடுத்ததைத் திறந்துவிட்டாள்.

எண்ணூற்றுப் பன்னிரண்டிலும் சக்கரம் இல்லை. இரண்டாவது முறையும் தேடினாள். இல்லை. வெள்ளிக்கிழமைக்கு அறுநூறு. வியாழக்கிழமை காலையில் மெஷின் ஓட ஆரம்பித்தாக வேண்டும்.

ஏழு மணிக்கு அண்ணன் டிப்போவிலிருந்து வந்தான். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். "என்ன, வந்துடுச்சா?" என்றான்.

"எண்ணூறு வந்திருக்கு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எண்ணூறு வந்துடுச்சுல்ல? அப்புறம் எதுக்கு வீடே இழவு விழுந்த மாதிரி இருக்கு? மிச்சத்தை மறுபடி போட்டா போச்சு. தையல் படம்தானே."

வராதது எது என்று அவன் கேட்கவில்லை. அவன் மார்பில் சக்கரம் சிறகை விரித்துக்கொண்டு இருந்தது. குழம்பு ஊற்றிய கையோடு அதன்மேல் ஒரு சொட்டு விட்டுத் துடைத்துக்கொண்டான். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். ஊசி ஓடும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற கை அது, எனக்கு வலித்தது.

சாப்பிட்டு முடித்துப் பின்னறைக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன்: "எஃப் அவனோடதுன்னு நான் யோசிக்காம சொல்லிட்டேன்க்கா. என்மேலயும் தப்பு இருக்கு."

"நீ அவன் கேட்டதுக்குப் பதில் சொன்னே. அவன் திறந்து பார்த்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். பேனாவை எடுத்துச் சக்கரத்தை நினைவிலிருந்து வரைய ஆரம்பித்தாள். வெளிக்கோடு வந்தது. சிறகு வந்தது. சிறகில் இறகுகள் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தன என்பது வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முந்திய கோணம். முன்பு கொடுத்த பேட்ஜோடு புதுசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. அண்ணன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு யூனிஃபார்ம் சட்டை கை கிழிந்து தைக்கக் கொடுத்திருந்தான், இதுதான் இருக்கிற ஒன்று. அக்கா பின்னறையிலிருந்து வந்து அவனுக்கு எதிரில் நின்றாள். உள்ளங்கையை அவன் மார்பில் பேட்ஜின்மேல் வைத்து மூடினாள்.

"சக்கரத்துல எத்தனை கம்பி?"

"என்னது?"

"தினமும் நூறு பேர் நெஞ்சுல இதைப் பார்த்துட்டுத்தானே பஸ்ஸுக்கு அனுப்பறே. சக்கரத்துல எத்தனை கம்பின்னு சொல்லு."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "பன்னெண்டு இருக்கும்" என்றான்.

"பதினொண்ணு. சட்டையைக் கழட்டு."

அக்கா குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "என்னடி இது, அவன் வேலைக்குக் கிளம்பற நேரத்துல. கடைக்காரர்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்கயேன்" என்றாள். கேட்டிருக்கலாம்தான். யூனிஃபார்ம் கடை பத்து நிமிஷ நடை. அவரிடம் பழைய மாதிரி ஒன்று இருந்திருக்கும், இல்லாவிட்டால் எங்கேயாவது தேடிக் கொடுத்திருப்பார். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கழட்டுன்னேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினான். பனியனோடு சோபாவில் உட்கார்ந்தான், ஒரு காலில் மட்டும் ஷூ.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டையை மடியில் விரித்தாள். தையல் பிரிக்கும் சின்னக் கருவியால் ஓரத்தைச் சுற்றி வந்தாள். நூல் இழை இழையாக அறுந்தது. அவசரப்படவில்லை. பேட்ஜ் கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் சட்டை மட்டும் புதுசு போலக் கருநீலமாக இருந்தது, சுற்றிலும் வெளுத்த நீலம். அக்கா பேட்ஜைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பின்னால் ஒட்டியிருந்த துணியை உரித்தாள். விரல் நுனியால் தடவி, சிறகின் இறகுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு, தலையை ஒருமுறை அசைத்துக்கொண்டாள். பிறகு முன்பக்கத்தின் தையலையும் ஒவ்வொரு அடுக்காகப் பிரிக்க ஆரம்பித்தாள். மேலே மஞ்சள், அதன் அடியில் வெள்ளை. மடியெல்லாம் நூல் துண்டுகள் விழுந்தன.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பதினொன்று என்று அவள் எண்ணாமல் சொன்னது இப்போதுதான் அவன் மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

"இது நீ போட்டதா?" என்றான்.

"எட்டு வருஷமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

நான் எழுந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, உட்கார் என்று கண்ணால் காட்டினாள். சக்கரத்தின் நடுவில் கம்பிகள் வந்து சேரும் இடத்துக்கு வந்திருந்தாள். அங்கே கொஞ்சம் கவனமாகப் பிரிக்க வேண்டும்.

மணி எட்டே கால் ஆனது. அண்ணன் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். மார்பில் அந்தக் கருநீலச் சதுரம் பளிச்சென்று தெரிந்தது, ஓரத்தில் அறுந்த நூல்கள் தொங்கின. "பேட்ஜ் இல்லாம நான் எப்படிப் போறது? வரிசையில நிக்கறவனுங்க என்னைப் பார்த்துச் சிரிப்பானுங்க" என்றான். அவன் குரல் இறங்கிவிட்டது.

அக்கா பிரித்த பேட்ஜைக் கையில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இருக்கும் பின்னறைக்கு நடந்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு அறுநூறு வருது. நீயும் வரிசையில நின்னு ஒண்ணு வாங்கிக்கோ."